ஒரு மீற்றர் அகலம்

நாலு மணிக்கு இன்னும் எழும்புகிறாள்.
வான் வருவதில்லை.
பதினான்கு மாதமாக வருவதில்லை.
கொண்டுபோக ஆளில்லாத சோற்றுப் பெட்டிக்கும் சேர்த்து
ஒரு சுண்டு அரிசி போட்டுவிட்டு
பிறகு நினைவு வந்து
பாதியைத் திருப்பி அள்ளுகிறாள்.
நான் நித்திரைபோலக் கிடக்கிறேன்.
இப்போதைக்கு இந்த வீட்டில்
எனக்கிருக்கிற வேலை அது.

பன்னிரண்டு வருசம்
முழங்காலில் நின்று உழைத்தவள் என் மனுசி.
ஒலுமடு, அம்பகாமம்,
பிறகு பெயரில்லாமல் இலக்கம் மட்டும் உள்ள காடுகள்.
ஒரு மீற்றர் அகலம்,
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைத் தடி,
ஏழு மீற்றர் முன்னுக்குப் போனால் நல்ல நாள்.
என் முதுகுக்குள் கிடக்கிற இரும்பு
உழைக்க விடாத அரிசியை
மண்ணுக்குள் கிடந்த இரும்பு உழைத்துத் தந்தது.

‘பெண்டிலை வெடிக்குள்ள அனுப்பிப்போட்டு
இருந்து தின்னுறான்’ என்ற வாய்தான்
‘என்ன, தவமலருக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ’
என்று இப்போது கேட்கிறது.

கடைசிக் காணி முடிந்த அன்று
பந்தல் போட்டார்கள்.
நிலம் துப்புரவு என்று பத்திரம் வாசித்தார்கள்.
கைதட்டியவர்களில் அவளும் ஒருத்தி.
பொலித்தீன் பையில் ஒரு ரோல்ஸ், ஒரு துண்டு கேக்,
ஒரு கடிதம்.
மகள் வாசித்தாள்:
“நன்றி எண்டு போட்டிருக்கு அம்மா.”
“வேற?”
“திகதி போட்டிருக்கு.”

கிளிநொச்சிக் கார்மென்ட்ஸில்
முப்பத்தைந்துக்குள்தான் எடுப்பார்களாம்.
இவளுக்கு நாற்பத்தேழு.
இருந்தாலும் ஒரு பிள்ளை இரங்கி
மெசினில் இருத்திப் பார்த்ததாம்.
மணித்தியாலத்துக்கு எத்தனை கொலர் என்று
சுவரில் பலகை.
அவசரப்படாமல் இருப்பதற்கென்றே
பன்னிரண்டு வருசம் சம்பளம் வாங்கிய கை
ஒரு கொலரை முடித்து
திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்திருக்கிறது.
அந்தப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறது.

வியாழக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் வரும்.
குழுக்கடன்.
ஐந்து பேரில் ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற நாலு பேர் கட்டவேண்டும்.
போன மாதம் பரமேஸ் கட்டினாள்.
அதற்குப் பிறகு
கிணற்றடியில் முகம் பார்ப்பதில்லை.
தோட்டை நகர்ந்து வங்கிக்குப் போய்விட்டது.
கடைக்கொப்பி ஈரம் பட்டுத் தடித்துவிட்டது.
நிதர்சனா ரியூசனை விட்டுவிட்டு
‘சேர் படிப்பிக்கிறது விளங்கேல்லை’ என்கிறாள்.
பொய்.
நாங்கள் அதை நம்பினோம்.
நம்புவதற்குக் காசு தேவைப்படவில்லை.

சித்திரையில் கனடாவிலிருந்து ஒருவர் வந்தார்.
தகப்பன் வழிக் காணி. வேலி அடைக்க வேணும்.
பத்திரம் கையில் இருக்கிறது,
கால்தான் உள்ளே வைக்க ஏலவில்லை.
“நீங்கள் ஒருக்கா முன்னுக்கு நடப்பீங்களோ?”
இவள் செருப்பைக் கழற்றிவிட்டு
எல்லைக்கல்லுக்கும் எல்லைக்கல்லுக்கும் இடையில்
போய் வந்தாள்.
பின்னால் அவர்,
அவள் பாதம் பட்ட இடமாகப் பார்த்து.
இரண்டாயிரம் ரூபாய்.
வியாழனுக்குப் போதவில்லை,
ஆனால் வியாழனுக்கு முகம் கொடுக்கப் போதும்.

அன்றிரவு சொன்னாள்:
“அது துப்புரவான காணியப்பா.
நானே பாத்தது.
களவெடுத்த மாதிரிக் கிடக்கு.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.
விடிய நாலுமணிக்கு முன்னம் எழும்பி
அடுப்பை மூட்டினேன்.
புகைதான் வந்தது.
அவள் வந்து பார்த்தாள்,
ஊதுகுழலை வாங்கவில்லை.

வளவுக்குப் பின்னால் இப்போது கச்சான்.
மூன்று பரப்பு.
கயிறு பிடித்து, தடி ஊன்றி,
ஒரு மீற்றர் அகலத்துக்குத்தான் போட்டிருக்கிறாள்.
சிவப்புப் பெயின்ற் இல்லை,
கபிலின் பழைய சேட்டைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள்.
களை பிடுங்க நானும் குந்தினேன்.
முதுகு பிடித்தது.
இரண்டு கன்றைக் களையோடு பிடுங்கிவிட்டேன்.
அவள் நிமிராமல் சொன்னாள்:

“கயித்துக்கு உள்ளுக்கு வாங்கோ.
மெதுவா.
ஒருத்தரும் எங்களைத் துரத்தேல்லை.”