பூசி மெழுகியது

நவம்பரில் ஹெர்னோசாந்தில்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கேரேஜுக்குள் எப்போதும் இரவுதான்:
ஒரு கைவிளக்கு, ஒரு மின்கணப்பு,
நாலு இரும்பு முக்காலிமேல்
சக்கரமில்லாமல் நிற்கும்
அறுபத்தாறாம் வருஷத்து வோல்வோ அமேசான்.

என்னுடையதுதான்.
எண்பத்தெட்டில் விற்றேன்,
போன மே மாதம் திரும்ப வாங்கினேன்,
விற்றதைப்போல ஆறு மடங்கு கொடுத்து.
நம்பர் பிளேட் அதேதான்,
இந்த நாட்டில் அது சாகும்வரை வண்டியோடு போகும்.
நிறம்தான் வேறு.
கரும்பச்சையாக அனுப்பினேன்,
யாரோ தக்காளி சூப்பில் முக்கி எடுத்திருந்தார்கள்.

எஞ்சினைப் பற்றிக் கவலை இல்லை.
கார்புரேட்டர்கள் இரண்டும் இருமின,
கழுவித் துடைத்ததும் அடங்கின.
பிரேக் சிலிண்டர், ரப்பர் குழாய்,
தண்ணீர் பம்ப்:
எல்லாம் பணமும் பொறுமையும்.
துரு அப்படி இல்லை.
குளிர்காலச் சாலைக்கு இங்கே உப்புத் தூவுவார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறது
இரும்பு.

வலது கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில்
ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.
அழுத்தவில்லை, வைத்தேன்.
கைப்பிடிவரை போயிற்று.
சிவப்புக்குக் கீழே பட்டி,
பட்டிக்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே மறுபடி பட்டி,
ஒரு விரல் கனம்.
அதற்கும் கீழே இரும்பே இல்லை.
செய்தித்தாள்.
கசக்கித் திணித்து, ஈரம் குடித்து,
குளவிக்கூடு மாதிரி இறுகிப்போன செய்தித்தாள்.

"திருட்டுப் பசங்க" என்றேன்.
எனக்குப் பிறகு மூன்று பேர் கைமாறிய வண்டி,
மூன்று பேரையும் திட்டினேன்.
வெல்டிங் சிலிண்டர் கொண்டுவந்த தோர்னி
வாசலில் நின்று இரண்டு வசவு கூடச் சேர்த்தான்.
மனிதர் உட்காரும் இடத்துக்குக் கீழே
காகிதமா வைப்பான் ஒருவன்?

கணப்பின் மேல் காகிதத்தை விரித்தேன்.
மார்ச் எண்பத்தெட்டு.
மீன் விலை. மரண அறிவிப்பு.
பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.
பச்சைப் பேனா.
துறைமுக அலுவலகத்தில் நான் எடுத்துவரும் பேனா.
ஏழு மேலிருந்து கீழ்:
எழுத்து ஒன்று மிஞ்சியதால்
ஒரே கட்டத்தில் இரண்டை நெருக்கி எழுதியிருந்தது,
இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

தோர்னி போன பிறகு விளக்கை அணைத்தேன்.
ஏன் என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை.
மரித்தா என்று ஒரு நர்ஸ் வந்தாள்,
தோளில் தூங்கும் குழந்தை.
"துரு இருக்கிறதா?"
முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி
விரல் முட்டியால் தட்டினேன்.
டங்.
"நீங்களே கேட்டீர்களே" என்றேன்.
அந்த ஒரு சாண் மட்டும் நல்ல இரும்பு.
பணமுடை இருந்தது என்று சொல்லலாம்.
சொல்லப்போவதில்லை.

பழைய பதிவேட்டில் பெயர் இருந்தது,
தொலைபேசி எண் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று,
அழுத்த இன்னும் ஆறு நாள்.

எல்லாம் சொன்னேன்.
காகிதம், பட்டி, பச்சைப் பேனாவைக்கூட.
மறுமுனையில் நீளமான மௌனம்,
பிறகு சிரிப்பா இருமலா தெரியாத ஒரு சத்தம்.
"இரண்டாம் குளிர்காலத்திலேயே
காலடியில் தண்ணீர் வந்தது, ரக்ன்ஹில்ட்.
என் தம்பி உங்கள் பட்டிமேல் இன்னொரு பட்டி பூசினான்.
சிவப்பு அடித்தது அப்போதுதான்.
வாங்க வந்தவர் கேட்டார், துரு உண்டா என்று."

"என்ன சொன்னீர்கள்?"

"நீங்கள் தட்டிய இடத்தில்தான்
நானும் தட்டினேன்."

புதுத் தகடு வந்துவிட்டது, ஒரு மில்லிமீட்டர்.
வெட்டினேன், வளைத்தேன்,
நாலு சென்டிமீட்டருக்கு ஒரு பொட்டாக வெல்டு வைத்தேன்.
வெல்டு அழகாக இல்லை.
தேய்த்து மறைக்கவும் இல்லை.
முட்டியால் ஓர் அங்குலம் விடாமல் தட்டிப் பார்த்தேன்.

இடது பக்கம் இன்னும் திறக்கவில்லை.