துணி எங்கே காயும்

ஹூஸ்டனுக்குத் தெற்கே, வெப்ஸ்டரில்,
நகத்துக்குச் சாயம் பூசும் கடைக்கும்
வருமானவரி எழுதித் தருபவர் அறைக்கும் நடுவே
எங்கள் கூடம். பெயர்ப்பலகை கிடையாது.
உள்ளே பிளைவுட்டில் ஒரு விண்வெளி வீடு,
முழு அளவில், ஆணித்தலை தெரிய.

மாரிசெலா சுவர்களை வரைகிறாள்.
சுவர்களுக்கு நடுவில்
யாரோ வாழ்வதாகப் பொய் சொல்வது என் வேலை.
மணிக்கு நாற்பத்திரண்டு டாலர்.

முதல் படத்தில் நாலு பேரும்
ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார்கள்.
பணம் போட்டவர்களுக்குப் பிடித்தது.
எனக்குத்தான் தூக்கம் போயிற்று:
சிரித்து முடித்த பிறகு இவர்கள் என்ன செய்வார்கள்?

இரண்டாம் படத்தில் கொடி கட்டினேன்.
ஒரு பனியன், இரண்டு காலுறை, ஒரு துண்டு.
தொங்கவில்லை எதுவும்.
தொங்குவதற்குக் கீழே என்று ஒன்று வேண்டுமே.
கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி
ஆளுக்கொரு பக்கம் கைகால் நீட்டி நின்றன.

அழுக்காகத் தெரிகிறது, எடுத்துவிடுங்கள்
என்று மின்னஞ்சல் வந்தது.
துவைத்த துணி, என்று பதில் போட்டேன்.
அங்கே யாரும் துவைப்பதில்லை,
போட்டுக் களைந்து எறிந்துவிடுவார்கள், என்றார்கள்.
ஆறு மாதம் போய்வருகிறவருக்குச் சரி.
நாங்கள் வரைவது இருபது வருஷ வீடு.
இருபது வருஷம் ஈரத்துணி காயாத இடத்துக்கு
லாட்ஜ் என்று பெயர்.

எடுத்துவிட்டேன்.
வாடகை கட்ட வேண்டும்.

அன்றிரவு 45ஆம் நெடுஞ்சாலையில்
நகராத கார்களுக்கு நடுவே உட்கார்ந்து
அந்த வீட்டில் பேச வாக்கியங்கள் சொல்லிப் பார்த்தேன்.
சாவியை மேஜைமேல் வை.
வைத்தால் நிற்காது.
கீழே போடாதே.
ஆசைப்பட்டாலும் போட முடியாது.
சிந்தாமல் குடி.
சிந்தியது அறை அறையாகக் கூடவே வரும்.
செருப்பு கவிழ்ந்து கிடந்தால் சண்டை வருமாம்;
கவிழ்ந்ததா என்று அங்கே யார் சொல்வது?
நிலத்தின் சரிவைப் பார்த்து
கீழ்த்திசை, மேல்திசை என்று பெயர் வைத்த மொழி,
சரிவு தீர்ந்த இடத்தில்
பாதி வினைச்சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு மிதந்தது.

விடு மட்டும் பொருந்தியது.
கரண்டியை விடு. கையை விடு. அந்தப் பேச்சை விடு.
விட்டது விட்ட இடத்திலேயே
முகத்துக்கு நேராக நிற்கும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பேய்மழை.
தச்சர் லூதர் டுப்ரே
(கடலுக்குள் எண்ணெய் மேடைகளில்
படுக்கும் அறை கட்டியவர், இருபது வருஷம்)
நனைந்து வந்து, வேறு இடம் இல்லாமல்,
சட்டையைக் கழற்றி
பிளைவுட் வீட்டுக் கைப்பிடிக் கம்பியில் போட்டிருந்தார்.
நான் உள்ளே நுழைந்தபோது
சொட்டுச் சொட்டாகத் தரையில் குட்டை.
பதினோரு மாதத்தில் முதல் தடவையாக
அந்த வீட்டில் ஆள் இருந்தது.

மன்னிக்கணும், என்று கையை நீட்டினார்.
தொடாதீங்க, என்றேன்.
பென்சிலைத் தேடினேன்.

மூன்றாம் படத்தில் நாலு பேரும் சாப்பிடுகிறார்கள்.
ஒருத்தி யாரையும் பார்க்கவில்லை.
பின்னால், நிழலில், ஒரு நீலச் சட்டை,
கைகள் விரிந்து.
பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதினேன்:
ஈரப்பதம் மீட்கும் அலகு.

உடனே சம்மதம் வந்தது. நல்ல சிந்தனை, என்றார்கள்.
அலகின் எடை மட்டும் வேண்டுமாம்,
கிராம் கணக்கில், வெள்ளிக்கிழமைக்குள்.

லூதர் சட்டையைத் தராசில் வைத்தார்.
வைத்தார். நின்றது.
முன்னூற்றுப் பத்து.
குழாயடியில் நனைத்துப் பிழிந்து மறுபடி வைத்தார்.
ஐந்நூற்று எண்பது.

எதை எழுதட்டும்?

ஈரத்தோடு, என்றார்,
கைகளைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே.