அங்கே ஏழரை, இங்கே ஆறு

புனோம்பென்னில் நீ நடக்கிறாய்,
கணபதியான்கடவில் நான்.
உன் கையில் போன் ஆடுகிறது:
கொடிக்கம்பங்கள், கல் பாவிய கரை,
பாட்டுக்குக் கைவீசி
உடற்பயிற்சி செய்யும் பெண்கள்,
வறுத்த வெட்டுக்கிளி விற்கும் தள்ளுவண்டி.
"தின்னியா?"
"ஒண்ணு தின்னேன்.
கூனி வறுத்தது மாதிரி, கேட்டியா."

இனி என் முறை.
பம்ப்ஹவுஸ் சுவர், அதில் போன தேர்தல்.
கைதை மூடு.
படியில் யாரோ விட்டுப்போன
நீல சோப்பின் ஒரு துண்டு.
நடைபாதை என்று காட்ட
மணல் லாரி போட்ட இரண்டு தடம்.

பாதி வருசம் இந்த ஆறு
திரும்பி ஓடும் என்கிறாய்.
அதற்கொரு திருவிழா, படகுப்போட்டி,
ஊரே கரையில் வந்து கிடக்குமாம்.
குரலில் அத்தனை பெருமை,
நீயே திருப்பிவிட்டது போல.

நம்ம ஆறும் திரும்பும், ததேயு.
பங்குனியில் தேங்காப்பட்டணம் வழி
கடல் ஏறி வரும்.
படகுப்போட்டி கிடையாது.
என் போன்தான் அடிக்கும்:
"வெள்ளம் உப்பு மேடம்,
சாயா போடக் கொள்ளாது."
மோட்டாரை நிறுத்துவேன்.
ஒரு குவளை கோரி
நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
நோட்டில் எழுதுவேன்.

இன்றும் எழுதினேன்.
உன்னிடம் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் நட என்கிறாய்,
அங்கே வெளிச்சம் இருக்கே.
உன் பக்கம்
விளக்கெல்லாம் போட்டாயிற்று.
எனக்குச் சார்ஜ் நாலு சதவீதம்.

கடைசிப் படியில் இறங்கிக்
காலை வைக்கிறேன்.
தண்ணீர் கொலுசைத் தள்ளுகிறது
கிழக்கே,
வீட்டுப் பக்கமாக.