பால் வாங்கியாச்சா

டுலூத்தின் மேட்டுத்தெருக்களில்
பத்தொன்பது வருடமாகத் தபால் போடுகிறேன்.
கல்லூரிக் கடிதம் என்றால் விரலே சொல்லிவிடும்.
தடித்த உறை: இடம் கிடைத்தாயிற்று.
மெல்லிய உறை என்றால்
பெட்டிக் கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு
அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவேன்.

என் மகனுக்கு வரப்போவதற்கு எடையே இல்லை.
ஏதோ ஒரு வியாழன், மாலை நான்கு மணிக்கு
மடிக்கணினியில் ஒரு வரி மாறும்.
அவ்வளவுதான்.

டோபியாஸ் விண்ணப்பித்தது பதினைந்து கல்லூரிக்கு.
ஆடவும் பாடவும் நடிக்கவும் சேர்த்துக் கற்றுத்தரும் இடங்கள்;
ஒவ்வொன்றிலும் இருபது பேருக்குத்தான் இடமாம்.
முதல் சுற்றுக் காணொளியை நிலவறையில் எடுத்தோம்.
அவனுக்குப் பின்னால் படுக்கை விரிப்பு,
அதற்கும் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம்.
நான்தான் மறந்துபோய் அதை ஓடவிட்டிருந்தேன்.
அவன் உச்சத்தில் நிற்கும்போது
கூர்ந்து கேட்டால்
என் சீருடை சுழல்கிற சத்தம் கேட்கும்.
மறுபடி எடுக்கலாம் என்றேன்.
"இருக்கட்டும்மா, அது தாளம் தப்பல" என்றான்.

ஜனவரியில் சிகாகோ.
ஹோட்டல் தாழ்வாரம் முழுக்கப் பதினேழு வயதுகள்
சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தன.
லிஃப்டில் ஒரு பெண் தன் காலணியிடம் வசனம் பேசியபடியே
பன்னிரண்டு மாடி ஏறினாள்.
அவன் நெஞ்சில் 417 என்று குத்தியிருந்தார்கள்.
பாட அனுமதி, பதினாறு தாளவட்டம்.
எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தெட்டு நொடி.
அதற்காக லைல் பனியில் ஏழு மணி நேரம் கார் ஓட்டினான்,
திரும்பும்போது இன்னொரு ஏழு.
யாரும் ரேடியோ போடவில்லை.

இப்போது மார்ச். ஏரி இன்னும் உடையவில்லை.
பத்து "வருந்துகிறோம்".
ஒரு "காத்திருப்போர் பட்டியல்",
காத்திருப்பவனைக் காத்திருக்கச் சொல்வது.
மிச்சம் நான்கு.
குளிர்பெட்டிக் கதவில் ஒவ்வொன்றாக அடித்துவைக்கிறாள்
ஒன்பது வயது பிரிட்டா.
"வருந்துறோம்னு சொல்றவங்க நிஜமாவே வருந்துவாங்களா?"
லைல் எதையோ தேடுவதுபோல எழுந்து போனான்.

வீட்டில் ஒரு சட்டம்: "வந்ததா?" என்று கேட்கக் கூடாது.
ஆகவே மற்றதெல்லாம் கேட்கிறோம்.
பால் வாங்கியாச்சா?
நாயை வெளியே விட்டாயா?
வாசலில் உப்புத் தூவியாச்சா?
எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: இன்னும் இல்லை.
நிஜமாகவே பால் தீர்ந்து மூன்று நாளாகிறது.

அந்தப் பதினாறு மட்டும் தீரவில்லை.
பிரிட்டா பல் துலக்கிக்கொண்டே பாடுகிறாள், நுரையோடு.
லைல் பனி அள்ளும்போது மண்வெட்டி பாடுகிறது.
நானும்தான், மேடேறும்போது, மூச்சிரைக்க.
எல்லாரும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறோம்,
யாரோ மேஜைக்குப் பின்னாலிருந்து
"நன்றி, போதும்" என்று சொன்ன மாதிரி.

இன்று வியாழன். நான்கு அடித்து ஐந்து நிமிடம்.
கையில் பார்சல், பல்லில் கையுறை,
பைக்குள் ஃபோன் துடித்தது.
இன்னும் ஏழு வீடு பாக்கி.
ஏழையும் போட்டேன், வரிசை தவறாமல்.
ஒரு மெல்லிய உறையை மட்டும், யாருடையதோ,
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிறகு பார்த்தேன். லைல்:
"பால் வாங்கிட்டு வா."

பால் என்றால் பாலா?
கடை வரிசையில் நின்று யோசித்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கேலன் வாங்கினேன்.

பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே போனேன்.
நிலவறைப் படியில் பிரிட்டா, மடியில் நாய்.
கீழே அவன் பாடுகிறான்.
பதினாறு முடிந்தது.
பழக்கத்தில் என் தொண்டை நின்றது.
அவன் நிற்கவில்லை.
பதினேழாவது இப்படி இருக்குமென்று எனக்குத் தெரியாது.
அது மேலே போகவேயில்லை. சும்மா,
சாவியைத் தேடுகிறவன் மாதிரி, அங்கேயே கொஞ்சம் நடக்கிறது.

"வந்துடுச்சும்மா," பிரிட்டா காதோடு சொன்னாள்,
"திறக்கல. ஒரு தடவை முழுசாப் பாடிட்டுத்தான் திறப்பானாம்."

இயந்திரத்தின் மேல் மடிக்கணினி, மூடியபடி.
பத்தொன்பது வருடத்தில்
அடுத்தவர் கடிதம் எதையும் நான் பிரித்ததில்லை.
படியில் உட்கார்ந்தேன்.
பூட்ஸிலிருந்து பனி உருகி
ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது.
இரண்டு கையிலும் பால் கனத்தது.
கீழே வைக்கத் தோன்றவில்லை.