ஈரம் கழித்து

கோபாலபுரம் தாண்டி, கேரள எல்லைக்குக்
கூப்பிடு தூரத்தில் எங்கள் எடை மேடை.
ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை
நான்தான் அதற்குக் கண்.
மேற்கே போவது வைக்கோல், கறிக்கோழி, பாறைப்பொடி.
கிழக்கே வருவது பெரும்பாலும் பழசு:
பழைய இரும்பு, பழைய பாட்டில், பழைய பேப்பர்.

பேப்பர் லாரி வந்தால் மட்டும்
கண்ணாடிக் கூண்டை விட்டு இறங்குவேன்.
தார்ப்பாய் சரியாக இருக்கிறதா பார்க்க, என்பது
முதலாளிக்குச் சொல்வது.
கட்டுகளின் இடுக்கில் கை விட்டால்
பாடநூல், பஞ்சாங்கம், மருந்துக் கம்பெனி டைரி.
எப்போதாவது ஒன்று
விரலைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

என் தராசு பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே எதுவும் அதன் கண்ணில் சரக்கில்லை.
ஒரு புத்தகம் எடுத்தால்
சிவப்பு எண்கள் இமைக்காது.
முதல் நாள் அவற்றையே பார்த்தபடி நின்றேன்,
போலீஸ்காரன் முகத்தைப் பார்ப்பதுபோல.

அட்டை இருக்காது பெரும்பாலும்.
அதனால் பேர் நானே வைத்தேன்.
கிணறு விற்றவன்.
ஒரு குடைக்கு இரண்டு நாத்தனார்.
கப்பலில் போயும் கடலைப் பார்க்காத சமையல்காரன்;
அதில் இருநூற்றுப் பதினாறாம் பக்கத்துக்கு மேல் இல்லை,
அவன் இன்னும் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான்.

மலையாளம் பஸ் போர்டில் படித்தது.
கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு:
மூன்று ஊரில் எத்தனை எழுத்துத் தேறுமோ அத்தனை.
மீதியைத் தேனீ வளர்ப்புப் புத்தகம் ஒன்று கொடுத்தது.
இப்போதும் அந்த மொழியில் எனக்குச் சரளமாக வருவது
ராணித் தேனீயைப் பற்றிய பேச்சு.

போன ஆனிச் சாரலில்
ஓரமெல்லாம் ஊதா மையில் சண்டை போட்ட ஒருவர்
லாரி லாரியாக வந்தார்.
"பொய்" என்று ஓரிடம். "இப்படி நடக்காது" இன்னோரிடம்.
ஒரு நாவலின் கல்யாண அத்தியாயம் முழுக்கக்
குறுக்கே கோடு.
யார் வீட்டை யார் காலி செய்தார்களோ,
மூன்று வாரத்தில் நின்றுபோனார்.
பத்தொன்பது எடுத்தேன்.
பாதி விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.
அந்தக் கல்யாணம் நடக்க வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்குக் கறையான் பயம்.
"புஸ்தகம் இருந்தாக் கறையான் வருமுங்க,
கறையான் வந்தாக் கதவு நெலை போயிருமுங்க.
தை பொறந்ததும் பாத்துக்கங்க."
மகள் பிரவீணா கட்டிய மூட்டையை எல்லாம்
நான் பிரித்து ஒரு பக்கம் படித்தேன்.
அவள் சணல் கயிற்றைத் தரையில் வைத்துவிட்டுத்
தோசை ஊற்றப் போனாள்.

மினி ஆட்டோ புது வீட்டுக்குப் போகும் வழியில்
மேடை இருந்தது.
ஏற்றச் சொன்னேன், ஏன் என்று தெரியவில்லை.
பகல் நேரத்து ஆள் நாச்சிமுத்து பட்டனைத் தட்டினான்.
வெறும் வண்டியைக் கழித்தால்
நானூற்று இருபது கிலோ.
பதினோரு வருடம் இமைக்காத எண்
ஒரே மூச்சில் காட்டிக்கொடுத்தது.
சரக்கு என்ற கட்டத்தில் என்ன போட என்றான்.
வீட்டுச் சாமான் என்றேன்.

பின்னால் ஹாரன் அடிக்காமல் நின்றது சைதலவியின் லாரி.
இறங்கி வந்தார்.
மூட்டைகளைப் பார்த்தார், சீட்டை வாங்கிப் பார்த்தார்.
நான் ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை எண்ணினேன்,
தேவைக்கு மேல் மெதுவாக.

"ஆலையில ஈரத்துக்குன்னு
நூத்துக்கு மூணு கிலோ கழிப்பாங்க சேச்சி,
வெயில் காலத்துலயும்.
நீங்க எடுத்ததெல்லாம்
அந்தக் கணக்குல போயிருக்கும்."

பிறகு லாரிக்கு நடந்தார்.
"இன்னைக்கு லோடு நல்லா நனஞ்சிருக்கு" என்று
தார்ப்பாயின் ஒரு முனையை
அவரே அவிழ்த்தார்.

மழை பெய்து நாற்பது நாளாகிறது.