உபயம்

பல்லடம் தாண்டி, சோளக்காட்டு மேட்டில்
சென்னியப்பன் மில்.
ஆயுத பூசைக்கு ஆயுத பூசை
பொரிகடலை கைக்கு வருமுன்னே
லீட்ஸ் நகரத்துக் கதை வந்துவிடும்.

"நான் படிச்ச ஊர்ல ஒரு கட்சிங்க.
பழசை இடிக்காது, பசிச்சவனை விடாது.
மேட்டுத் தெரு ஒரு நாடு, பள்ளத் தெரு ஒரு நாடுன்னு
ஆயிட்டா ஊர் தாங்காதுங்க.
இருக்கப்பட்டவன் இல்லாதவனைப் பாத்துக்கோணும்,
பெத்தவனாட்டம்."

பஞ்சு படிந்த தலைகள் ஆடும்.
டைம் ஆபீஸ் வாசலில் நின்று
என் தலையும் ஆடும்.

பொய்யில்லை அவர் சொன்னது.
எல்லோருக்கும் 'ங்க' போடுவார்,
கழிவுப் பஞ்சு கூட்டும் ராமாத்தாளுக்கும்.
அதற்காகவே பங்காளிகள்
ஒரு கல்யாணத்துக்கு அவரை அழைக்காமல் விட்டார்கள்.
எனக்குக் குடல்வால் வெடித்த இரவு
கோயமுத்தூர் வரை கார் ஓட்டியது அவர்தான்,
வெறும் பனியனோடு.

மாசியில்
கார்டிங் மிஷின் தெய்வாத்தாளின்
இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.
ஆஸ்பத்திரிச் செலவு அவருடையது.
ஆரஞ்சு, அவரே உரித்துக் கொடுத்தது.
மகனுக்கு பாலிடெக்னிக் என்று வாக்கும் கொடுத்தார்.

கட்டுப் பிரித்த மறுநாள்
அவள் ஒரு தாளோடு வந்து நின்றாள்.
(எழுதிக் கொடுத்தது நான்.
இன்றுவரை அவருக்குத் தெரியாது.)
சட்டப்படி வரவேண்டிய நட்டஈடு.
பத்து மிஷினுக்கும் இரும்பு மூடி.

இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"நான் பாத்துக்க மாட்டனா அம்மிணி?"

குரலில் கோபமே இல்லை.
திட்டியிருந்தால்
கொடி பிடித்திருப்போம்.

"பாத்துக்குவீங்க.
நீங்க இருக்கற வரைக்கும்.
பாக்கோணும்னு உங்களுக்குத் தோணற வரைக்கும்.
தர்மமா வேண்டாமுங்க,
கணக்கா வேணுங்க."
ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை அவளும்.

"உக்காருங்க" என்றார்,
இருபது வருசத்தில் முதல் முறையாக.
எண்ணெய்ச் சீலைங்க என்று
நின்றுகொண்டே இருந்தாள்.

பங்குனியில் மூடிகள் வந்தன,
பத்துக்கும் பத்து.
பச்சைப் பெயிண்டின்மேல் மஞ்சள் எழுத்து:
உபயம், சென்னியப்பன்.
கோயில் டியூப்லைட்டில்
பாதி வெளிச்சத்தைப் பெயரே குடிக்குமே,
அந்த அளவு எழுத்து.

நட்டஈடும் வந்தது,
மூலையில் மஞ்சள் தடவிய கவரில்.
சட்டம் சொன்ன தொகை அப்படியே,
அதற்கு மேல் ஒரு ரூபாய்,
மொய் வைத்தது போல.

தெய்வாத்தாள் எண்ணினாள்,
மூன்று விரல்களால், நிதானமாக.
அந்த ஒரு ரூபாயை மட்டும்
என் மேசையில் வைத்துவிட்டு
ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

வரவில் எழுதவா, பற்றில் எழுதவா?
அவரிடமும் கேட்கவில்லை,
அவளிடமும் கேட்கவில்லை.
டிராயரை இழுக்கும்போதெல்லாம்
உருண்டு வந்து
முன்னால் நிற்கிறது.