இடது பக்கக் கசிவு

சீல் விலை நாற்பத்தைந்து ரூபாய்.
அதைக் கழற்றி மாட்ட ஒர்க்‌ஷாப்பில் கேட்டது அறுநூறு,
அதுவும் செவ்வாய்க்கிழமைதானாம்.
எனக்குத் திங்கள் காலை ஐந்தரைக்குக்
கானாடுகாத்தானில் ஒரு சர்க்கரை, பள்ளத்தூரில் இரண்டு கொழுப்பு.
வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள்,
குடிக்காத காபிக்கெல்லாம் என்மேல் கோபமாக.

போன வாரம் ஒரு வீட்டு முகப்பில் வண்டியை நிறுத்தினேன்.
ரத்தம் எடுத்துத் திரும்புவதற்குள்
தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.
காவலுக்கு இருக்கும் சாத்தையா ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.
திட்டியிருக்கலாம்.

ஞாயிறு இரவு, கோட்டையூர், வாடகை வீட்டு உள்கூடம்.
வண்டியை வலப்பக்கம் சாய்த்துச் சுவரில் ஒட்டக்கொடுத்தேன்,
எண்ணெய் அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்று.
கியர் லிவர் வந்தது, செயின் மூடி வந்தது.
ஏழு வருடச் சேற்றுக்கு மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும்.
பெர்னதெத் கைப்பேசி விளக்கைப் பிடித்தாள்,
வாயில் பாதி முறுக்கு.

தண்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். அவ்வளவுதான் அது.
ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் வரும்.
தண்டிலும் ஒரு கீறல் விழும்;
அப்புறம் எந்தப் புதுச் சீலுக்கும் அது அடங்காது.
பிடுங்குவதற்கென்றே கொக்கி விற்கிறார்களாம்.
எங்களிடம் இருந்தது திரைச்சீலை மாட்ட வாங்கிய டிரில்,
சுவிட்ச் பெட்டியிலிருந்து கழற்றிய இரண்டு ஸ்க்ரூ,
ஒரு குறடு.

டிரில் முனையில் கிரீஸ் தடவினேன்,
சீவல் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டட்டும்.
மிச்சமெல்லாம் ஆழம்.
அது எனக்குத் தெரியும்: பன்னிரண்டு வருடமாக
முன்சுவரைத் துளைத்துப் பின்சுவரைத் தொடாமல்
நிற்பதற்குத்தான் சம்பளம்.
ரப்பர். தகடு. தகடு விட்டுக்கொடுக்கும் அந்த நொடி.
நின்றேன்.
“சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்”
என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.
பெர்னதெத்துக்குப் புரையேறியது.

ஸ்க்ரூவைக் குறட்டால் பிடித்து இழுத்தால் அசையவில்லை.
எதிரே இன்னொரு துளை, இன்னொரு ஸ்க்ரூ.
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.
ப்ளக்.
கூடவே ஒரு கரண்டி எண்ணெய்.

சீலைத் திருப்பிப் பார்த்தேன்.
உதட்டுக்குப் பின்னால் மெல்லிய சுருள்கம்பி ஒன்று
வளையமாக இருக்க வேண்டும். இல்லை.
உள்ளே விழுந்திருந்தால் எஞ்சினையே பிளக்கணும்.
வெளியே விழுந்திருந்தால்
தரை முழுக்க ஆத்தங்குடிப் பூ,
பூவைச் சுற்றி வளையம், அதற்குள்ளும் வளையம்;
இதைப் போட்டவர் எங்களை நினைத்துப் போடவில்லை.
இரவு பதினோரு மணி. இரண்டு பேரும் முழங்காலில்,
ஒவ்வொரு கல்லாகத் தடவினோம்.
எல்லாம் சிமெண்ட்டில் வரைந்தது.

பெர்னதெத் எழுந்து போய்
பிரிட்ஜ் கதவிலிருந்து பிள்ளையாரைப் பிய்த்து வந்தாள்,
பிள்ளையார்பட்டிக் கடையில் வாங்கிய காந்தப் பொம்மை.
அவர் முதுகைத் தரையில் வைத்து வரிசையாகத் தேய்த்தாள்.
கதவோரம் டிக் என்றது.
“உன் சாமியாச்சே” என்றாள், எனக்கு எதிலோ சலுகை கிடைத்தது போல.

தண்டின் பற்களில் செலோடேப் சுற்றி,
உதடு உள்ளே பார்க்கப் புதியதைச் செருகி,
பிவிசி குழாய்த் துண்டு வைத்துப்
பூரிக்கட்டையால் தட்டினேன், சுற்றிச் சுற்றி, கோணாமல்.
போன எண்ணெயைச் சிரிஞ்சில் அளந்து ஊற்றினேன்.

காலையில் கானாடுகாத்தான்.
வண்டிக்கடியில் ஒரு பஞ்சை வைத்துவிட்டு உள்ளே போனேன்.
திரும்பி வந்தபோது சாத்தையா குனிந்து
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓரத்தில் ஒரு புள்ளி.
பழைய எண்ணெய், மூடிக்குள் தங்கியது என்றேன்.
அவர் நம்பினாரா தெரியவில்லை.
பள்ளத்தூருக்கு இன்னொரு பஞ்சு எடுத்துக்கொண்டேன்.